மணல் ஏறாத வண்டி

பூம்புகாரை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மைல் ஆகியிருக்கும். கருவாட்டுக் களத்தில் எட்டு நாளாக வேலை இல்லை. காற்று சரியில்லை என்று படகுகள் கரையிலேயே கிடந்தன. படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் கருவாடு இல்லை, கருவாடு இல்லாவிட்டால் என்னை வைத்துச் சோறு போட யாருக்கும் காரணம் இல்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. தோளில் ஒரு பை, காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து நான் எந்த ஊரிலிருந்தும் பஸ்ஸில் கிளம்பியதில்லை. நடந்து கிளம்பினால்தான் நடுவழியில் மனதை மாற்றிக்கொள்ள வசதி.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கேரவன் மாதிரி. பக்கவாட்டில் கதவு, ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை, கூரையில் ஏசி. கதவுக்கு நேரே தரையில் மண்டியிட்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய், சைக்கிள் பம்பால் வண்டிக்குள்ளே காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், வண்டிக்குள்ள காத்து இறங்கிடுச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மணலு தம்பி, மணலு. ஊதுறேன், போவுது. போயி அந்தப் பக்கம் உக்காருது. அந்தப் பக்கம் ஊதுனா திரும்பி இங்கயே வருது."

உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், கடைசியில் கழிவறை. எல்லாம் சரிதான். ஆனால் தரை முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கால்விரல் புதையும் அளவுக்கு மெத்தென்று ஒரு மெரூன் கம்பளம்.

"கடற்கரைக்கு வர்ற வண்டியில கம்பளம் யாரு பாய் போட்டது?"

"நான்தான் போட்டேன். இருவது வருசம் துபாய்ல வண்டி ஓட்டுனவன் நான். பாலைவனத்துல ஓட்டிருக்கேன். மணலப் பத்தி எனக்கே சொல்ல வர்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல பாய். மணலுதான் சொல்லுது."

அதற்குப் பிறகுதான் பம்பைக் கீழே வைத்தார். ஒரு மனிதர் பம்பைக் கீழே வைத்துவிட்டால் மனதில் இருப்பதைச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். சொன்னார்.

துபாயில் சம்பாதித்த மொத்தத்தையும் இந்த வண்டியில் போட்டிருந்தார். சினிமாக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று நம்பினார், கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய இரண்டு தடவை எடுத்தார்கள். மற்ற நாளெல்லாம் அவர் வீட்டம்மா அதன் கூரையில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். இப்போது முதல்முறையாக உருப்படியாக ஒரு சவாரி வந்திருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு வயதான தம்பதி. முந்தின நாள் திருக்கடையூரில் கணவருக்கு எழுபது முடிந்த சாந்தி நடந்தது. இரண்டு நாள் வண்டியைப் பரீட்சை பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் இதே வண்டியில் காசிக்குப் போகிறார்கள். பிடிக்காவிட்டால் ரயில்.

"நேத்து ராத்திரி படுக்கையில நறநறங்குதுன்னு சொல்லிட்டாரு அந்த சார். இன்னிக்கு ஒரு நாளுதான். இன்னிக்கும் மணல் இருந்துச்சுன்னா ரயிலுதான்னு சொல்லிட்டாரு. காசி போச்சுன்னா என் மச்சான் வண்டிய வாங்கி பிரியாணிக் கடை போடப் போறாரு. இப்பவே வந்து அண்டா வைக்க இடம் அளந்துட்டுப் போயிட்டாரு."

தம்பதி கடலில் குளிக்கப் போயிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான்கு கால்களிலும் மணலோடு திரும்பி வருவார்கள்.

"கூட இரு தம்பி. இன்னிக்கு மணல் ஏறாம பாத்துக்க. சவாரி கெடைச்சா உன்னையும் காசிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் அதுவரை வடக்கே போனது நெல்லூர் வரைதான். அங்கே ஒரு இறால் பண்ணையில் காவல். காசி என்றதும் பையை இறக்கி வைத்துவிட்டேன்.

பாய் மூக்கைச் சுளித்தார். "உன் மேல என்னா வாடை?"

"கருவாடு."

"அல்லாவே! அவங்க சைவம்யா!"

ஒரு முழுச் சோப்பையும் கொடுத்து அடிபம்புக்கு அனுப்பினார். இரண்டு தடவை தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை அனுப்பினார். அதற்கும் பிறகு காதுக்குப் பின்னால் அத்தர் தடவினார். கடைசியில், கல்யாணத்துக்குக் கிளம்பிய கருவாடு மாதிரி மணத்துக்கொண்டு நின்றேன்.

மணலைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஈரக் காலைக் கழுவி விட்டால் போதாது. கழுவிய இடத்திலிருந்து படிவரை நடக்கும் நாலு எட்டில் புது மண் ஒட்டிக்கொள்ளும். ஆளை முதலில் வண்டி வாசலில் உட்காரவைக்க வேண்டும், கால் வெளியே தொங்க வேண்டும், அங்கேயே கழுவி, துடைத்து, அப்படியே காலைத் தூக்கி உள்ளே திருப்பிவிட வேண்டும். ஒரு வாளி, ஒரு சொம்பு, ஒரு துண்டு. பாய் இதைக் கேட்டுவிட்டு, "அஞ்சு வேளை கால் கழுவுறவன் நான், இது எனக்குத் தோணலையே" என்றார்.

தம்பதி வந்தார்கள். சார் உயரம், வங்கியில் ஆய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. மாமி குள்ளம், கண் ஆபரேஷன் செய்துகொண்டதால் பெரிய கறுப்புக் கண்ணாடி, முட்டிவலியால் பக்கவாட்டில் ஆடி ஆடி நடை.

சாரை உட்காரவைத்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினேன். முந்தின நாள் முழுக்க அவர் காலைப் பிள்ளைகளும் மருமகள்களும் கழுவிப் பூப்போட்டு நமஸ்காரம் செய்திருக்கிறார்கள். பழக்கம் விடவில்லை. நான் பாதத்தைத் தொட்டதும் அவர் கை தானாக என் தலைக்கு மேலே வந்தது. "தீர்க்காயுஸா இரு" என்றார். இடது காலைப் பிடித்தேன். மறுபடியும் கை வந்தது. "தீர்க்காயுஸா இரு."

"ஏன்னா, அவன் மண்ணைக் கழுவறான். ஆசீர்வாதம் கேக்கலை" என்றார் மாமி.

"இருந்துட்டுப் போறான்" என்றார் சார். அன்று மாலைக்குள் எனக்கு ஏழோ எட்டோ ஆயுள் சேர்ந்துவிட்டது.

வண்டி கிளம்பியது. மாயவரம் வழியாகத் திருப்பனந்தாள் போகவேண்டும். அங்கே மாமியின் தங்கை வீடு. நான் ஒரு தென்னந்துடைப்பத்தோடு பின்னால் உட்கார்ந்தேன். சீக்கிரத்திலேயே ஒரு விஷயம் புரிந்தது. அந்தக் கம்பளத்திலிருந்து மணலை எடுக்க மனிதனால் முடியாது. கூட்டக் கூட்ட அது அடிக்கு இறங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நானும் அதன் போக்கிலேயே போனேன். துடைப்பத்தால் இழைகளைத் தலை வாருவதுபோல ஒரே பக்கமாக வாரிவிட்டால், மணல் கீழே போய்விடும், மேலே பளபளவென்று இருக்கும். மணல் இல்லாமல் செய்வது ஒரு வேலை. மணல் தெரியாமல் செய்வது வேறு வேலை. இரண்டாவதில் முதுகு வலிப்பதில்லை.

சார் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கம்பளத்தின் மேல் விரித்தார். மேலே லேசாக ஒரு தட்டுத் தட்டி, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து வைத்துக்கொண்டார். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தை கடைசி. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுவடை மிஷின் ஏறி இறங்கிய இடமெல்லாம் சாலையில் செங்கல் அளவுக் களிமண் கட்டிகள். பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. ஒதுங்க வழியில்லாமல் பாய் நெல்லின் மேல் ஏற்றினார். நெல் சுணை புகைபோல எழும்பி ஏசி வழியாக உள்ளே வந்தது. ஐந்தே நிமிடத்தில் சார் கழுத்தைச் சொறிந்தார், மாமி முழங்கையைச் சொறிந்தார், பாய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முதுகைச் சொறிந்தார்.

சாலையில் நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் முறத்தை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஏய், சினிமாக்காரனுக்கு நெல்லு மேலதான் ஓட்டணுமா? ரோடு எதுக்குடா இருக்கு?"

"ரோட்டுல நீங்க நெல்லு போட்டிருக்கீங்களே!" என்றார் பாய்.

"அப்ப நெல்லு இல்லாத ரோட்டுல போ!"

மாமி திரையை விலக்கி, கறுப்புக் கண்ணாடியோடு கையை ஆட்டினார். அந்த அம்மாளின் முறம் தானாக இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது யாருடி, பழைய படத்துல அண்ணியா வருமே?" என்று அவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு மாமி ஒவ்வொரு நெல்லுக்கும் திரையை விலக்கிக் கையாட்டினார்.

"பாலைவன மணலு நல்ல மணலு தம்பி," என்றார் பாய், சொறிந்துகொண்டே. "காஞ்சிருக்கும், ஊதுனா போயிடும். இங்க கடல்ல மணலு, வயல்ல களி, ரோட்டுல சுணை. ஒண்ணு ஊதணும், ஒண்ணு சொரண்டணும், ஒண்ண என்ன பண்றதுன்னே தெரியல."

மாயவரம் தாண்டி, ஒரு வாய்க்கால் கரையில், புங்கமர நிழலில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மடக்கு நாற்காலிகளைப் போட்டேன். பாய் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டு, சற்றுத் தள்ளிப் பாயை விரித்துத் தொழப் போனார். மாமி பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்ததில் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

"இதைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சாதாரண அடிப்பிடிப்பு இல்லை. கறுப்பாகத் தகடுபோல ஒட்டியிருந்தது. சோப்புக்கும் நாருக்கும் அது மசியவில்லை. தொட்டியின் பக்கத்தில் கம்பி கட்டிய தட்டில், சோப்புக்குப் பக்கத்திலேயே, ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தேன். உள்ளே நைசான வெள்ளை மணல்.

மாமிமேல் எனக்கு உண்டான மரியாதையைச் சொல்லி முடியாது. சென்னையிலே இருந்துகொண்டு, இந்தக் காலத்தில், பாத்திரம் தேய்க்க மணல் சலித்து டப்பாவில் கொண்டுவந்திருக்கிறார்! இவரல்லவா குடும்பப் பெண் என்று நினைத்துக்கொண்டே வாய்க்கால் படியில் உட்கார்ந்து தேய்த்தேன். அருமையான மணல். பிடி பிடியாகப் போட்டு, வைக்கோலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். மொத்தமும் தீர்ந்தது. பாத்திரத்தில் முகம் தெரிந்தது. ஒரு வேலையைச் செய்தால் முழுக்கச் செய்யவேண்டும் என்று டப்பாவையும் கழுவி, புங்கமரத்தின் வேரில் கவிழ்த்து வைத்தேன்.

"பாருங்கோன்னா, நன்னா பளபளன்னு பண்ணியிருக்கான்!" என்றார் மாமி.

பாய் தொழுதுவிட்டு வந்தார். எல்லோருக்கும் தயிர்சாதம். சார் நல்ல மனநிலையில் இருந்தார். கைக்குட்டை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. "பாய், காசி யாத்திரைன்னா என்னன்னு உமக்குத் தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். "சும்மா போய்க் குளிச்சிட்டு வர்றதில்லை. ராமேஸ்வரத்துல கடல் மண்ணை எடுத்துப் பூஜை பண்ணி, அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய் கங்கையில கரைக்கணும். அங்கேர்ந்து கங்கை ஜலத்தைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்துல ஸ்வாமிக்கு அபிஷேகம். அப்பத்தான் பூர்த்தி. எங்கப்பா மண்ணை எடுத்து வச்சுண்டு, போகமுடியாமலேயே போயிட்டார். நாங்க போன வாரம்தான் போய் எடுத்துண்டு வந்தோம்."

"எங்க சார் வச்சிருக்கீங்க?" என்றார் பாய், மரியாதையாக.

"சொம்புல வச்சா உருள்றது. அதான் உங்க ஸிங்க் பக்கத்துல, கம்பித் தட்டுல, ஒரு எவர்சில்வர் டப்பாவுல."

என் கையிலிருந்த தயிர்சாதம் கையிலேயே நின்றது. பாய் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன். பாயும் டப்பாவைப் பார்த்தார். வெயிலில் அது அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது.

சாரும் மாமியும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்கள். பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

"என்ன பண்ணுனே?"

"தேய்ச்சிட்டேன் பாய்."

"எதை?"

"பால் பாத்திரத்தை. அந்த மண்ணை வச்சு."

"எல்லாத்தையுமா?"

"ரொம்ப அடிப்பிடிச்சிருந்துச்சு பாய்."

அவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் தொழுதது பத்து நிமிசம்யா. பத்து நிமிசத்துல காசியக் கழுவி விட்டுட்டியே!"

"இருங்க பாய். மணலுதானே? கொண்டுவந்துடலாம்."

சொன்ன பிறகு சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் அறுத்த வயல். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கட்டியாக இருந்தது, சேறாக இருந்தது, மாவாக இருந்தது. மணலாக மட்டும் இல்லை. வாய்க்காலில் கைவிட்டுத் துழாவினேன். கறுப்புக் களி வழுக்கிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து எந்த மணலை விரட்டிக்கொண்டிருந்தேனோ அது ஒரு பிடி வேண்டும் என்றபோது அந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

"பாய், கம்பளத்த எடுக்கலாம்."

"என் கம்பளத்துல மணல் இல்ல. சார் கைக்குட்டை போட்டுப் பாத்துட்டாரு."

"நீங்க ஒரு மூலையப் புடிங்க."

இருவருமாக அதைச் சுருட்டி வெளியே கொண்டுவந்தோம். தட்டினால் சத்தம் கேட்கும். சார் குறட்டை விடும்போது மட்டும் உதறினோம். குறட்டை நின்றால் நாங்களும் நின்றோம். கீழே விரித்த என் வேட்டியில் பூம்புகார் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு டப்பாவுக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. பாயின் முகத்தில் அவமானமும் சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கூடவே ஒரு ஊக்கு, இரண்டு ஏலக்காய், திருக்கடையூரில் தூவிய மஞ்சள் அட்சதை. டீ வடிகட்டியை எடுத்து, அவசரத்தில் முக்கால்வாசிதான் சலித்தேன்.

டப்பாவை நிரப்பப் போனபோது பாய் என் கையைப் பிடித்தார். "தம்பி, அவங்க சாமி விசயம். இதுல நாம பொய் சொல்லலாமா?"

"ஒரே கடல்தானே பாய். அந்தக் கோடியில ராமேஸ்வரம், இந்தக் கோடியில பூம்புகார்."

"ஒரே கடல்னா அவரு ஏன் டிக்கெட் எடுத்து அங்க போயி அள்ளிட்டு வந்தாரு?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் டப்பா நிரம்பிவிட்டது. மூடிப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சார் எழுந்து, வண்டியில் ஏறி, கைக்குட்டையை விரித்தார். இந்தமுறை முழங்காலால் அழுத்தினார். கட்டிலின் அடியில் விரலை விட்டுத் தடவினார். மூலையில் தடவினார். கம்பளம் அவ்வளவு சுத்தமாக அது நெய்த நாளில்கூட இருந்திருக்காது.

"பாய்," என்றார், "காசிக்கு உங்க வண்டிதான். நாளைக்கே பேசி முடிச்சுடலாம்."

"சரி சார்" என்றார் பாய். இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி இருந்தது. வண்டியை எடுக்கும்போது கியர் மாறி விழுந்து இன்ஜின் அணைந்துவிட்டது. 'மணல்மேடு' என்ற ஊர்ப் பலகையைப் பார்த்ததும் அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் மட்டும் உள்ளுக்குள் கங்கையில் முங்கி எழுந்துகொண்டிருந்தேன். என் பிசகை நானே சரிசெய்துவிட்டேன், யாருக்கும் நஷ்டமில்லை, காசியும் கிடைத்துவிட்டது.

திருப்பனந்தாளில் மாமியின் தங்கை வீட்டு வாசலில் வண்டி நின்றது. விளக்கு வைக்கும் நேரம். தினமும் அந்த நேரத்தில் மாமி மண்ணுக்கு ஒரு துளசி இலை போடுவாராம். அது எனக்குத் தெரியாது. வண்டிக்குள்ளிருந்து, "ஏம்ப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். டப்பா மடியில் திறந்திருந்தது. மண்ணைக் கிளறிய கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் எடுத்துண்டு வந்த மண்ணு வெள்ளை. இது கறுப்பா இருக்கு."

"வெயிலு மாமி. வெயில்ல மண்ணு கறுத்துடும்."

"சரி. கை அரிக்கறதே?"

"கடல் மண்ணு அப்படித்தான் மாமி, உப்பு."

"சரி," என்றார், இரண்டு விரலால் எதையோ எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். ஒரு நெல். "ராமேஸ்வரம் கடல்ல சம்பா எப்போலேர்ந்துப்பா விளையறது?"

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது, கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் பின்னாலேயே வந்து நின்ற பாய் முந்திக்கொண்டார். மாமியிடம் அல்ல, வாசலில் நின்ற சாரிடம்.

"சார், நீங்க ரயில்லயே போங்க. உங்க மண்ணு போச்சு. பாத்திரம் தேய்க்கிற மண்ணுன்னு நெனச்சு எடுத்துத் தேய்ச்சாச்சு. இப்ப உள்ள இருக்கிறது என் கம்பளத்து மண்ணு. தப்பு என் வண்டியில நடந்துச்சு, நான்தான் பொறுப்பு."

யார் தேய்த்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே விட்டுவிடுவார் என்று தெரிந்தது. ஒருவர் தன் வண்டியைப் பிரியாணிக் கடைக்கு அனுப்பத் தயாராக நிற்கும்போது பக்கத்தில் சும்மா நிற்பது சிரமமாக இருந்தது.

"தேய்ச்சது நான் சார். கம்பளத்த உதறச் சொன்னதும் நான்தான். பாய் வேணாம்னாரு."

சார் முகம் சிவந்தது. "மண்ணைத் தேய்ச்சதுகூட அறியாமைன்னு விடலாம். கம்பளத்துக் குப்பையை என் தலையில வச்சுக் கங்கைக்கு அனுப்பப் பார்த்தியேடா! செருப்பு மிதிச்ச மண்ணு! நான் அங்க நின்னு மந்திரம் சொல்லிக் கரைச்சிருப்பேனே!"

அது உண்மை. நான் அதை அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

மாமி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "ஏன்னா, நன்னா பாத்துக்கோங்கோ, பால் பாத்திரம்தான். ரசப் பாத்திரம் இல்லை."

"இதுல என்ன சிரிப்பு உனக்கு?"

"எனக்கு ரயில்ல மேல் பர்த்தும் ஏறமுடியாது, கீழ் பர்த்துல குனிஞ்சும் உட்காரமுடியாது. இந்த வண்டியில நேத்திக்குக் காலை நீட்டிண்டு தூங்கினேன். தப்பு நடந்தா ஒளிக்காம வாசல்ல வந்து சொல்ற மனுஷன் ஓட்டற வண்டி. நாளைக்கு இதுலயே திரும்ப ராமேஸ்வரம் போவோம். வேற மண்ணு எடுப்போம். அங்கேர்ந்து நேரா காசி."

சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அப்புறம் விரலை என் பக்கம் நீட்டினார். "சரி. ஆனா இவன் வரக்கூடாது. இவன் ஏறினா நான் ஏறமாட்டேன்."

"சார், சின்னப் பையன்..." என்று பாய் ஆரம்பித்தார். எனக்கு முப்பத்தெட்டு.

"விடுங்க பாய்" என்றேன். கணக்கு எளிமையாகத்தான் இருந்தது. நான் இறங்கினால் வண்டி காசிக்குப் போகும், நான் நின்றால் மச்சான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார். பையை எடுத்துக்கொண்டேன். இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

பாய் தெருமுனைவரை கூடவே வந்தார். "கோவிச்சுக்காதே தம்பி."

"அந்தக் கம்பளத்த எடுத்துடுங்க பாய்."

"எடுக்க மாட்டேன்" என்றார். "துபாய்ல எல்லாரும் போட்டிருக்காங்க."

மறுநாள் காலை ஊருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். சாலையில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்த ஒரு பெண், ஈரம் போகவில்லை என்று நெல்லைத் திருப்பி அனுப்பிய வியாபாரியையும், வேலைக்கு வராமல் போன கொழுந்தனையும், பனியையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பாதித் திட்டில் என்னைக் கண்டார்.

"என்னாங்க, சும்மாத்தானே போறீங்க? சாயந்தரம் வரைக்கும் இதக் கால்ல கிளறி விட்டுட்டுப் போங்களேன். சோறு தர்றேன்."

செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நெல்லில் இறங்கினேன். பாதத்தை உழவுச்சால்போல இழுத்துக்கொண்டு அந்தக் கோடிவரை போகவேண்டும், திரும்பவேண்டும், பக்கத்துச் சாலில் இந்தக் கோடிவரை வரவேண்டும். பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும், போனதும் அது சிதறிய நெல்லை ஒதுக்கிவிட்டு மறுபடியும் நடக்கவேண்டும். காசிவரை நடந்திருக்கக்கூடிய அளவு நடந்தேன். பொழுது சாயும்போதும் அதே நூறு அடிக்குள்தான் இருந்தேன்.